ஆடு என்றால் வலது கால்

மேட்டூர் அணைப் பூங்காவுக்குப் போகிற வழியில் ஒரு டீக்கடை. அதை ஒட்டித் தகரக் கொட்டகை. கொட்டகைக்குள் இரண்டு ஸ்கூட்டர்கள், ஒன்று பச்சை, ஒன்று சாம்பல். எழுபதுகளின் கடைசியில் அங்கே ஒருவர் ஸ்கூட்டர் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். விட்டுக்கொண்டிருந்தார் என்பது பேச்சுக்குத்தான். கேட்டு வந்தவர்களில் பாதிப் பேரை இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார். மீதி நேரம் வண்டியைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. ஊரிலும் யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக் கேட்டதில்லை. ஆட்டுக்காரர் என்பார்கள். அவர் ஒரு ஆடுகூட வளர்த்தது கிடையாது. நான் அண்ணா என்று கூப்பிடுவேன். எனக்கு அப்போது இருபத்து நாலு வயது, ஜலகண்டாபுரத்தில் ஒரு நூல் கடையில் வேலை. வாரத்துக்கு ஒருநாள் மேட்டூரைச் சுற்றியுள்ள ஊர்களில் தறிக்காரர்களைப் பார்த்துவிட்டு வர வேண்டும். மேட்டூர் வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து அவரிடம் ஸ்கூட்டர் எடுத்துக்கொண்டு சுற்றுவேன். அப்படி வந்த பழக்கம்.

அவரிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் அணை பார்க்க வந்த வெளியூர்க்காரர்கள். சாயங்காலம் அஞ்சு மணிக்கெல்லாம் பஸ்ஸில் ஏறிவிட வேண்டும் என்று டிரைவர் சொல்லி இறக்கிவிட்டிருப்பார். பூங்காவைச் சுற்றி, மீன் வறுவல் தின்று, கை கழுவிய பிறகும் ஒன்றிரண்டு மணி நேரம் மிச்சமிருக்கும். சொந்த ஊரில் நாலு பேர் கண்ணுக்குப் பயந்து செய்யாததை வெளியூரில் செய்து பார்க்கத் தோன்றும். கொட்டகைக்குள் ஸ்கூட்டர் நிற்பதைப் பார்த்ததும் வந்துவிடுவார்கள். அந்தக் காலத்தில் ஸ்கூட்டருக்குப் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்காவது அதில் உட்கார்ந்து போவது என்றால் சும்மாவா.

“இதுல போனாப் பயமில்லையே?” என்று கேட்பார்கள். எல்லாரும் கேட்கிற கேள்வி அது.

“வண்டி நல்லாப் போகுமுங்க, அதுக்கு நான் பொறுப்பு. நிக்கிறதுதான் ஓட்டறவங்க கிட்ட இருக்குது” என்பார்.

அதன் பிறகுதான் பரீட்சை. ஸ்டாண்டில் நிற்கும் ஸ்கூட்டரில் ஏறி உட்காரச் சொல்வார். “ரோட்டைப் பாருங்க” என்பார். அவர் எதிரே ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து ஊர்க்கதை பேச ஆரம்பிப்பார். எந்த ஊருங்க, தண்ணி வசதி எப்படிங்க, பொண்ணு எடுத்தது உள்ளூர்லீங்களா அசலூர்லீங்களா. பதில் சொல்லிக்கொண்டே வருகிறவருக்குத் தான் பரீட்சையில் இருப்பதே மறந்துபோயிருக்கும். அந்தச் சமயம் பார்த்து, டீக்கடைக் கண்ணாடி டம்ளர்கள் அதிர, “ஆடு” என்று ஒரு கத்துக் கத்துவார்.

கத்திவிட்டு வந்தவரின் கையைப் பார்ப்பார். பத்தில் எட்டுப் பேருக்கு இடது கை இறுக மூடியிருக்கும். ஏன் என்று இன்றைக்கு வண்டி ஓட்டுகிறவர்களுக்குச் சொன்னால்தான் புரியும். எங்கள் பக்கத்தில் எல்லாரும் சைக்கிளில் வளர்ந்தவர்கள். சைக்கிளில் இடது கைதான் பின் பிரேக். பள்ளிக்கூட நாளிலிருந்து, குறுக்கே எது வந்தாலும் இடது கை தானாகப் பிடித்துவிடும். ஆனால் அந்தக் காலத்து ஸ்கூட்டரில் இடது கையில் இருப்பது கிளட்ச். பிரேக் வலது காலில். கிளட்சைப் பிடித்தால் எஞ்சின் சக்கரத்தை விட்டுவிடும், வண்டி நிற்காது. சமதரையில் கொஞ்ச தூரம் உருண்டு போகும். இறக்கத்தில் பிடித்தாலோ வேகம்தான் கூடும்.

இடது கை மூடியவர்களுக்கு வண்டி கிடையாது. “நாளைக்கு வாங்க” என்பார்.

“நாளைக்கு எப்படிங்க? அஞ்சு மணிக்கு எங்க பஸ் கிளம்பிடுமே.”

“அப்ப பஸ்லயே போங்க சாமி. அதுல டிரைவரு புடிச்சுக்குவாரு.”

டீக்கடை பெஞ்சில் எப்போதும் ஏழெட்டுப் பேர் இந்த வேடிக்கைக்கென்றே உட்கார்ந்திருப்பார்கள். இடது கை மூடியதும் கொல்லென்று சிரிப்பார்கள். பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்தவர்கள் முகம் செத்துப்போய் இறங்கிப் போவார்கள். அந்தச் சிரிப்பு அவருக்குப் பிடிக்காது. “ஏனுங்க சிரிக்கிறீங்க? உங்களுக்கெல்லாம் எந்தக் கைங்க மூடும்?” என்று பெஞ்சைப் பார்த்துக் கேட்பார். ஆனாலும் சிரிப்பு நிற்காது. நானும் அந்த பெஞ்சில் உட்கார்ந்து சிரித்திருக்கிறேன். அதற்கு முன்னால், மூன்று வாரம் தொடர்ந்து பெயிலாகி அவர்கள் சிரிக்கக் கேட்டும் இருக்கிறேன். நாலாவது வாரம் எனக்கு வலது கால் அமுங்கியது. அவர் எழுந்துவந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எஸ்.எஸ்.எல்.சி. பாஸானபோதுகூட என்னை யாரும் அப்படிக் குலுக்கவில்லை.

பாஸானவர்களுக்கும் ஒரு சட்டம் உண்டு. கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும். அதை வண்டிக்கு ஈடாக வாங்கிக்கொள்கிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். நானும் நினைத்தேன். ஒருநாள் கேட்டபோது சொன்னார்.

“ஈடு எதுக்குங்க தம்பி? ஓட்டறப்ப கடியாரத்தப் பாக்காம இருக்கட்டும்னுதான். பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு பாத்தாங்கன்னா கை தானா முறுக்கும்.”

கொட்டகைக்குள் ஒரு தகரப் பெட்டியில் கடிகாரங்கள் கிடக்கும். சாவியைக் கையில் கொடுக்கும்போது “போயிட்டு வாங்க சாமி” என்பார். வாங்கியவர் “வாரேனுங்க” என்று சொன்னால்தான் வண்டிக்குப் பின்னால் மாட்டியிருக்கும் ஸ்டெப்னி சக்கரத்திலிருந்து கையை எடுப்பார். ஒன்றும் சொல்லாமல் கிளம்பப் பார்த்தால் ஸ்டெப்னியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மதுரைப் பக்கத்து ஆள் ஒருவர், எதற்குப் பிடித்திருக்கிறார் என்று தெரியாமல், மரியாதையாக மூன்று முறை கும்பிட்டுப் பார்த்தார்.

இன்னொரு முறை ஒரு பெரிய அதிகாரி ஜீப்பில் வந்தார். சம்சாரத்தை உட்காரவைத்து ஒரு சுற்றுச் சுற்றிவர ஆசை. நம்மவருக்கு யாராக இருந்தாலும் பரீட்சை உண்டு. ஆனால் அவ்வளவு பெரிய மனிதரின் முகத்துக்கு நேரே மரியாதையில்லாமல் எப்படிக் கத்துவது? எங்கள் பக்கத்து வாய்க்கு ‘ங்க’ போடாமல் வராது. பேச்சுக்கு நடுவில் பலமாக “ஆடுங்க” என்று கத்திவிட்டார். அதிகாரி திடுக்கிட்டு அவரைப் பார்த்து, “ஆடணுமா? நான் எதுக்கய்யா ஆடணும்?” என்றார். அவருடைய சம்சாரம் சிரித்த சிரிப்பில் ஜீப் டிரைவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நம்மவர் மட்டும் சிரிக்கவில்லை. “கை அசையலீங்க, ஆனா அது கணக்கில்லீங்க. இன்னொருக்கா உக்காருங்க” என்றார். இரண்டாவது முறை கை மூடியது. அதிகாரி ஜீப்பிலேயே போனார்.

ஏன் ஆடு, மாடு என்று கத்தினால் ஆகாதா என்று நான் கிண்டலாகக் கேட்டேன். மழை தூறிய ஒரு மத்தியானம் அது, வாடகைக்கு யாரும் வரவில்லை. ஸ்கூட்டர் வாங்கிய புதிதில் அவர் ஓமலூர் ரோட்டில் வந்துகொண்டிருந்தாராம். மந்தை ஒன்று குறுக்கே வந்திருக்கிறது. இடது கை பிடித்துவிட்டது. ஒரு ஆட்டை அடித்துத் தூக்கிவிட்டார். மேய்த்துக்கொண்டிருந்த அம்மாள் ஓடிவந்து அந்த ஆட்டின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாளாம்.

“என்னைய ஏறிட்டுக்கூடப் பாக்கல தம்பி. நான் அங்கயே நின்னுட்டிருந்தேன். ஒரு வார்த்தை திட்டி வஞ்சிருந்தா நான் மறந்திருப்பேன்” என்றார்.

அவருக்குக் கண் கூர்மை என்று ஊரில் பேர். எந்தக் கை மூடப்போகிறது என்று ஆள் கொட்டகைக்குள் நுழையும்போதே தெரிந்துவிடும், சும்மா உறுதிப்படுத்திக்கொள்ளத்தான் கத்துகிறார் என்பார் டீக்கடைக்காரர். சொந்தக்காரர்கள் சந்தைக்கு மாடு பிடிக்கப் போனால் இவரைக் கூட்டிக்கொண்டு போவார்கள். மாப்பிள்ளை பார்க்கப் போனாலும் இவர்தான். போய்ப் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, வெளியே வந்ததும் வேணும், வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்வாராம். அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்களாம். வண்டி விட ஆரம்பித்து ஏழு வருஷத்தில் அவர் சரி என்று அனுப்பிய ஆள் ஒருவர்கூடக் கீழே விழுந்து சிராய்த்துக்கொண்டு வந்ததில்லை. அவருக்கு அதில் பெருமை இருந்தது. அதைச் சொல்லும்போது மட்டும் கண்ணை இடுக்கிச் சிரிப்பார்.

என் தங்கைக்குக் கல்யாணமானது அந்த வருஷம். மாப்பிள்ளை வாழப்பாடிப் பக்கம், மரவள்ளிக் கிழங்கும் கொஞ்சம் பாக்கும் போட்டிருந்த குடும்பம். நல்ல உழைப்பாளி, சிரித்த முகம். சீக்கிரத்தில் ரோஷப்படுவார், அவ்வளவுதான் குறை. ஆடி பிறந்ததும் தங்கையை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். ஆடியில் புதுப்பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரே வீட்டில் தங்கக் கூடாது. ஒருநாள் மாப்பிள்ளையை விருந்துக்குக் கூப்பிடுவோம், பொழுது சாய்வதற்குள் அவர் கிளம்பிப் போய்விட வேண்டும். கல்யாணமாகி நாற்பது நாள்கூட ஆகவில்லை. விருந்து சாப்பிட்டு எழுந்ததும் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றது எனக்கே பாவமாக இருந்தது. “மேட்டூரு போயிட்டு வரட்டுமேம்மா, நான் கூடப் போறேன்” என்று அம்மாவிடம் கேட்டு வாங்கினேன்.

பஸ்ஸில் நானும் மாப்பிள்ளையும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். முன்னால் பெண்கள் சீட்டில் தங்கைக்கு இடம் கிடைத்தது. ஸ்கூட்டர் கொட்டகையைப் பற்றிச் சொன்னதும் மாப்பிள்ளைக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஊரில் நண்பனின் ஸ்கூட்டரை நாலைந்து தடவை ஓட்டியிருக்கிறார். “அவள உட்கார வெச்சு அணை மேல ஒரு சுத்து போய்ட்டு வந்துடறேன் மச்சான். இனிமே ஆவணிதானே” என்றார். எனக்கு அப்போதுதான் டீக்கடை பெஞ்சு நினைவுக்கு வந்தது. புது மாப்பிள்ளை ஏறி உட்கார்ந்து, தங்கை பார்த்துக்கொண்டிருக்க, இடது கை மூடி, ஏழெட்டுப் பேர் கொல்லென்று சிரித்தால்? அன்றைய நாளே கெட்டுப்போகும். எங்கள் வீட்டு விருந்துக்கு வந்த இடத்தில் அவமானப்படுத்திவிட்டார்கள் என்று ஒரு சொல் காலத்துக்கும் நிற்கும்.

“மாப்ள, அவரு ஏதாவது பேச்சுக் குடுத்துக்கிட்டே இருப்பாருங்க. திடீர்னு ஆடுன்னு கத்துவாரு. அப்ப இடது கை அசையவே கூடாதுங்க. வலது காலை மட்டும் அமுக்குங்க” என்றேன்.

“ஆடுன்னா வலது காலு. அவ்ளோதானே?”

“அவ்வளவுதாங்க.”

மேட்டூர் போய்ச் சேரும்வரை விளையாட்டாகப் பழகிக்கொண்டே வந்தார். நான் காதோரமாக ஆடு என்பேன், அவர் என் செருப்பை மிதிப்பார். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டோம். ஒரு பாவமும் செய்வதாக எனக்குத் தோன்றவில்லை.

கொட்டகையில் அவர் மாப்பிள்ளைக்கு என்று தனியாகத் துண்டால் முக்காலியைத் தட்டிப் போட்டார், டீ வரவழைத்தார். பிறகு ஸ்கூட்டரில் உட்காரச் சொன்னார். வாழப்பாடிங்களா, மழை உண்டுங்களா, பாக்கு எப்படிக் காய்ச்சிருக்குதுங்க என்று பேச்சை இழுத்தார். பெஞ்சில் எல்லாரும் காத்திருந்தார்கள். தங்கை முந்தானையைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றாள். “ஆடு” என்று கத்தினார். மாப்பிள்ளையின் வலது கால் பலமாக அமுங்கியது. இடது கை கைப்பிடியின் மேல் அப்படியே இருந்தது.

அவருக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல வேண்டும். “மொதத் தடவையிலயே பாஸு. உங்க மாப்பிள்ளை உங்களாட்டம் இல்லீங்க தம்பி” என்று என் தோளைத் தட்டினார். கொட்டகைக்கு முன்னால் ஒரு வட்டம் ஓட்டிக் காட்டச் சொன்னார். மாப்பிள்ளை கியர் மாற்றி அழகாகத்தான் ஓட்டினார். எங்கள் அப்பா கல்யாணத்துக்குப் போட்ட கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தார். அது தகரப் பெட்டிக்குள் போனது.

“போயிட்டு வாங்க சாமி.”

மாப்பிள்ளைக்கு அந்த வழக்கம் தெரியவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த தங்கைதான் “வாரேனுங்க” என்றாள். அவர் ஸ்டெப்னியிலிருந்து கையை எடுத்தார்.

அணையைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, இறக்கத்தில், சைக்கிளில் மீன் கூடை கட்டிக்கொண்டு வந்த ஒருவர் குறுக்கே திரும்பியிருக்கிறார். யாரும் ஆடு என்று கத்தவில்லை. “கை தானாப் புடிச்சிடுச்சு மச்சான். புடிக்கப் புடிக்க வண்டி வேகமாப் போவுது” என்று பிறகு மாப்பிள்ளை சொன்னார். சைக்கிள்காரர் மேல் மோதாமல் ஓரமாகத் திருப்பிவிட்டார். அங்கே கல் நட்டிருந்தது. வண்டிக்கும் கல்லுக்கும் நடுவில் வலது முழங்கால் சிக்கிவிட்டது. தங்கை தூக்கி எறியப்பட்டாள், மோவாய் கிழிந்துவிட்டது.

ஆஸ்பத்திரிக்கு அவரும் ஓடிவந்தார். நொறுங்கிக் கிடந்த ஸ்கூட்டரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கட்டுப் போட்டு மாப்பிள்ளையைப் படுக்க வைத்த பிறகு, கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்று, “இடது கைங்களா?” என்று மட்டும் கேட்டார். மாப்பிள்ளை தலையை ஆட்டினார்.

“நான் பாத்தனே” என்றார் என்னிடம் திரும்பி. “கால்லதான அமுக்குனாரு. நீங்களும் பாத்தீங்கல்ல தம்பி?”

“பாத்தேனுங்கண்ணா” என்றேன்.

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். பஸ்ஸிலேயே நான் சொல்லிக் கொடுத்துவிட்டேன் என்று ஒரு வரி. அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். சொல்லவில்லை. கட்டிலில் தொங்கிய தாளைப் படிப்பதுபோல் குனிந்துகொண்டேன். அவர் போன பிறகு மாப்பிள்ளை என் கையைப் பிடித்து, “சொல்லிடாதீங்க மச்சான். காப்பியடிச்சுப் பாஸானேன்னு எங்கூர்ல தெரிஞ்சா மானம் போயிடும்” என்றார். அதை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். மாப்பிள்ளை சொல்லக் கூடாது என்றார், அதனால் சொல்லவில்லை என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. எனக்கு அவர் முகத்தைப் பார்க்கப் பயம்.

அந்த முழங்கால் பிறகு மடங்கவே இல்லை. ஏர் பிடிக்கவும் பாத்தி கட்டவும் ஆகாமல் மாப்பிள்ளை வீட்டோடு உட்கார்ந்தார். விசேஷங்களில் பந்திக்கு உட்கார்ந்தால் அவருடைய கால் மட்டும் இலைக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். சாம்பார் வாளியோடு வருகிறவர்கள் அதைத் தாண்டித் தாண்டிப் போவார்கள். பிறகு அவர் பந்திக்கு வருவதையே விட்டுவிட்டார்.

விபத்துக்கு அடுத்த வாரம் நான் மேட்டூர் போனேன். கொட்டகை திறந்திருந்தது. வருஷக்கணக்கில் வண்டி எடுக்கிற ஒருவர் சாவிக்கு நின்றுகொண்டிருந்தார். “இல்லீங்க, எனக்குப் பாக்கத் தெரியல” என்று நம்மவர் அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, “மாப்பிள்ளைக்கு எப்படிங்க இருக்குது?” என்று கேட்டார். அவர்தான் என்னிடம் மன்னிப்புக் கேட்பவர்போல் நின்றார். நான் இரண்டு நிமிஷம்கூட நிற்காமல் வந்துவிட்டேன். அதற்கடுத்த முறை போனபோது கொட்டகை இல்லை.

டீக்கடைக்காரர் மூலமாகத்தான் பின்னாலே ஒவ்வொன்றாகத் தெரிந்தது. மிஞ்சிய ஒரு ஸ்கூட்டரையும் யாருக்கோ கொடுத்துவிட்டு, மோகனூரில் தம்பியின் கரும்புத் தோட்டத்துக்குப் போய்விட்டாராம். மாடு பார்க்கக் கூப்பிட்டால் போவதில்லையாம். அண்ணன் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கக் கெஞ்சிக் கூப்பிட்டார்களாம். “என் கண்ணை நம்பாதீங்க” என்று சொல்லிவிட்டு, நிச்சயத்துக்கும் போகாமல் இருந்துவிட்டாராம். ஊரில் இருந்தவரைக்கும் அவர் பேசியது ஒரே பேச்சு என்றார் டீக்கடைக்காரர். “கால்லதான அமுக்குனாரு, கால்லதான அமுக்குனாருன்னு எங்கிட்ட நூறு தடவ கேட்டிருப்பாருங்க. நான் என்னங்க பதில் சொல்றது?”

எண்பதுகளின் கடைசியில் நான் நாமக்கல்லுக்கு மாறிவந்தேன். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் எழுத்து வேலை. கியரே இல்லாத புது மாதிரி ஸ்கூட்டர் ஒன்று வாங்கினேன். அதில் இடது கையில் பின் பிரேக், சைக்கிளில் இருக்கிற மாதிரியே. வாங்கி ஒரு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், அதை எடுத்துக்கொண்டு மோகனூர் போனேன். தைரியம் வந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். அந்த லீவரைப் பிடிக்கும்போதெல்லாம் அவர் நினைப்பு வந்துகொண்டே இருந்தது.

கரும்புக்கு மடை மாற்றிக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்து, மண்வெட்டியைப் போட்டுவிட்டு, “வாங்க தம்பி, வாங்க” என்று வந்தார். மாப்பிள்ளையைப் பற்றி விசாரித்தார், தங்கையின் பிள்ளைகளை விசாரித்தார். பிறகு கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு ஸ்கூட்டரைச் சுற்றி வந்தார்.

“கியர் எங்கீங்க?”

“கியரே இல்லீங்கண்ணா.”

“இடது கையில இதென்னங்க?”

“பிரேக்குங்க. பின் சக்கரத்துக்கு.”

இடது லீவரைப் பிடித்தார். இன்னொரு கையால் வண்டியைத் தள்ளிப் பார்த்தார். நகரவில்லை. விட்டுவிட்டுத் தள்ளினார், நகர்ந்தது. மறுபடியும் பிடித்தார். வெகுநேரம் அப்படியே செய்துகொண்டிருந்தார்.

“அன்னைக்கு இந்த வண்டியா இருந்திருந்தா மாப்பிள்ளை புடிச்சது சரியாப் போயிருக்கும்” என்றார். லீவரை விடாமலேயே தொடர்ந்து பேசினார். “ஒன்னு மட்டும் இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியல தம்பி. ஆடுன்னேன். கை அசையல. காலு அமுந்துச்சு. என்ர கண்ணால பாத்தேன். எதைப் பாக்காம உட்டேன்னுதான் தெரியல.”

சொன்னேன். பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொல்லிக் கொடுத்ததை, செருப்பை மிதித்து மிதித்துப் பழகியதை, ஆஸ்பத்திரியில் வாய்வரை வந்து விழுங்கியதை எல்லாம் சொன்னேன். அவர் கை லீவர் மேலேயே இருந்தது. நான் முடித்த பிறகு கேட்டார்.

“சிரிப்பாங்கன்னுதான் சொல்லிக் குடுத்தீங்களா?”

“ஆமாங்கண்ணா. புது மாப்பிள்ளை, தங்கச்சி வேற நின்னுட்டிருந்தாளா...”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அந்தப் பக்கமாக் கூட்டிட்டுப் போயி, ஆருமில்லாமப் பாத்திருப்பனே.”

எனக்கு அது தோன்றவே இல்லை. அன்றைக்கும் தோன்றவில்லை, அதற்குப் பிறகு வந்த இத்தனை வருஷத்திலும் ஒருமுறைகூடத் தோன்றவில்லை. அவ்வளவு சுலபமான வழி இருந்திருக்கிறது.

லீவரிலிருந்து கையை எடுத்தார். வீட்டுக்குள் போனார். வரும்போது கையில் ஒரு சின்னத் துணிமுடிச்சு இருந்தது. பிரித்தால் மாப்பிள்ளையின் கடிகாரம். அன்றைக்குத் தகரப் பெட்டிக்குள் போனது, எங்களில் யாருக்கும் அதைக் கேட்கும் நினைப்பு வரவில்லை. முள் நின்றுபோயிருந்தது. கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை.

“அவருகிட்டக் குடுத்திருங்க” என்றார்.

வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். வண்டியைக் கிளப்பினேன். அவர் எனக்குப் பின்னால் வந்து நின்றார். ஸ்டெப்னியைப் பிடிப்பார் என்று நான் எதிர்பார்த்தேன். பிடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“வாரேனுங்கண்ணா” என்றேன்.

“போங்க” என்றார்.

அதற்கு மேல் ஒரு சொல் வருமா என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அவர் மடைக்குப் போய்விட்டார்.

அடுத்த வாரம் வாழப்பாடி போய் மாப்பிள்ளையிடம் கடிகாரத்தைக் கொடுத்தேன். கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். வாங்கிச் சாவி கொடுத்துப் பார்த்தார், ஓட ஆரம்பித்தது. அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் என்றேன்.

“திட்டினாரா மச்சான்?”

“இல்லீங்க மாப்ள. போங்கன்னாரு.”

“போய்ட்டு வாங்கன்னா?”

“இல்லீங்க. போங்கன்னு மட்டும்.”

மாப்பிள்ளை கடிகாரத்தைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அதைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தார்.

“திட்டியிருக்கலாம்” என்றார்.